கம்பளத்துக்குள் ஒரு கறுப்பு இழை

வெளியே மைனஸ் 10 பாகை செல்சியஸ். டொராண்டோவிலும் மினியாபொலிஸிலும் ஜனவரி மாதத்தில் இது சாதாரணம். அந்தக் காற்று ஈரத்தால் நிறைந்தே இருந்தாலும் ஒரு கன மீட்டரில் 2 கிராமை ஒட்டித்தான் நீர் இருக்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 பாகைக்குச் சூடாகும்போது 18 கிராம் வரை ஏந்தத் தயாராகிவிடுகிறது; இருப்பதோ அதே 2 கிராம். ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

தரையில் நைலான் கம்பளம். ரப்பர் அடி வைத்த காலணியோடு நாலு எட்டு நடந்து, கதவின் பித்தளைக் குமிழைத் தொட்டால் விரல் நுனியில் சுரீர்.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இது கேள்விப்பட்ட சங்கதி மட்டுமே. தில்லிக் குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றியவர்களுக்கு நன்றாகத் தெரியும். நிலைமின் பற்றிய பாடநூல்களில் ஓர் அட்டவணை திரும்பத் திரும்ப வரும்: ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடாக இருக்கும்போது கம்பளத்தில் நடப்பவர் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறலாம், 65 முதல் 90 விழுக்காட்டில் அதே நடை 1,500 வோல்ட்டோடு நின்றுவிடும். மனிதர் உணரத் தொடங்குவது ஏறத்தாழ 3,000 வோல்ட்டில்.

*

வோல்ட் கணக்கைக் கேட்டு மிரள வேண்டியதில்லை, ஆற்றல் கணக்கைப் பார்க்க வேண்டும். மனித உடலின் மின்தேக்கம் 150 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 10,000 வோல்ட்டில் தேங்கும் ஆற்றல் 7.5 மில்லிஜூல். ஆளைக் கொல்ல இது போதாது. ஆனால் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூலே போதும். ஈதர் ஆவிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அறுவை அரங்குகளில் ஈதரும் சைக்ளோபுரொப்பேனும் மயக்க மருந்தாக இருந்த காலத்தில் நிலைமின் பொறி உண்மையான எமன். அதனால்தான் அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிகள் அறுவை அரங்கத் தரைக்கு இரண்டு எல்லைகளை வைத்தன: மின்தடை 10 லட்சம் ஓமை மீறக் கூடாது, 25,000 ஓமுக்குக் கீழே போகவும் கூடாது. மேல் எல்லை ஏன் என்பது சொல்லாமலே விளங்கும். கீழ் எல்லையைத்தான் பலர் மறக்கிறார்கள். தரை செம்புத் தகடு மாதிரி கடத்தினால், ஏதோ ஒரு கருவியின் கம்பி பழுதாகி உடம்பில் பட்டதும் முழு மின்னோட்டமும் அந்த ஆள் வழியாகத் தரைக்கு ஓடும். மின்னேற்றம் மெல்லக் கசிய வேண்டும். வீட்டு மின்சாரம் பாயக் கூடாது. நிலைமின் தடுக்கும் நூலைச் செய்பவரும் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவேதான் வேலை செய்கிறார்.

*

எந்த இழை எவ்வளவு ஈரம் பிடிக்கிறது என்பதற்கு ஜவுளிக் கல்லூரி முதலாண்டிலேயே ஒரு பட்டியல் தருவார்கள். கம்பளி 14 முதல் 16 விழுக்காடு. பருத்தி 7 முதல் 8. நைலான் 4. பாலியெஸ்டர் 0.4. பாலிபுரொப்பிலீன் ஏறக்குறையச் சுழி. இழையில் இருக்கும் அந்த ஈரம்தான் மின்னேற்றத்துக்கு வழிவிடுகிறது. பவானி ஜமக்காளத்தில் புரண்டு எழுந்தவர் யாருக்கும் விரலில் பொறி பறந்ததில்லை என்றால் பருத்தியும் நம் ஊர்க் காற்றும் சேர்ந்து செய்யும் உபகாரம் அது.

ஈரம் பிடிக்கும் கம்பளியும் காற்றின் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு இறங்கினால் பொறி தரும். ஆகவே 'செயற்கை இழை கெட்டது, இயற்கை இழை நல்லது' என்று இதைச் சுருக்குவது தவறு. காற்று காய்ந்தால் எல்லா இழையும் காயும்.

*

கோவைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் இதை யாரும் நிலைமின் என்று சொல்ல மாட்டார்கள். "காத்து காஞ்சு கெடக்குதுங்க சார், அதான் ரோலர்ல சுத்துது" என்பார் டிராஃப்ரேம் என்ற இழுவை இயந்திரத்தைப் பார்ப்பவர். பாலியெஸ்டர் ஓடும்போது இழைகள் ஒன்றையொன்று விலக்கி, ஸ்லைவர் (முறுக்காத இழைக் கற்றை) உப்பி, ரப்பர் ரோலரில் போய் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். உடனே ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட்டுக்கு ஆள் ஓடும். ஒரு மில்லில் ஈரப்பதத்தை ஏற்றிவிட்டால் பிரச்சினை அடங்கும். வாங்கிப் போனவர் வீட்டில் அப்படி ஏற்ற முடியாது. அங்கிருந்துதான் நிலைமின் தடுக்கும் நூலின் தேவையே பிறக்கிறது.

*

ஜார்ஜியா மாநிலத்து டால்டன். அமெரிக்கக் கம்பளத் தொழிலின் தலைநகர். 1895-இல் கேத்தரின் எவன்ஸ் என்ற 15 வயதுப் பெண் கையால் குச்சம் வைத்து ஒரு படுக்கை விரிப்பு தைத்தாள். 1900-இல் முதல் விரிப்பை இரண்டரை டாலருக்கு விற்றாள். அந்தக் குச்சம் வைக்கும் வேலையே பின்னால் இயந்திரத்துக்கு மாறி, விரிப்பு கம்பளமாகி, பருத்தி நைலானாகியது. 12 அடி அகல டஃப்டிங் (குச்சம் வைக்கும்) இயந்திரத்தில் அங்குலத்துக்கு 10 ஊசி வீதம் 1,440 ஊசிகள் ஒரே நேரத்தில் குத்தும். நெய்த கம்பளம் பணக்காரர் வீட்டில் இருந்தது. டஃப்டிங் கம்பளம் நடுத்தர வீட்டுக்கு வந்தது. சுவரிலிருந்து சுவர் வரை நைலான், மேலே மத்திய வெப்பமூட்டி. பொறி பறப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கூட்டணி கிடையாது.

*

முதல் வைத்தியம் பூச்சு. ஈரத்தைக் கவரும் வேதிப்பொருளைத் தெளிப்பது, அல்லது நைலானை உருக்கும்போதே பாலிஎத்திலீன் கிளைக்காலைக் கலப்பது. 40 விழுக்காடு ஈரத்தில் இவை வேலை செய்கின்றன. 20-க்குக் கீழே போனால் கவர்வதற்குக் காற்றில் ஈரமே இல்லை. மிகவும் தேவைப்படும் நாளில் கைவிடும் மருந்து. தெளித்த பூச்சு நடையில் தேய்ந்தும் போகும், அழுக்கையும் பிடிக்கும். இதை 'நிரந்தர நிலைமின் தடுப்பு' என்று லேபிளில் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

நிரந்தரம் வேண்டுமானால் கடத்தும் பொருள் நூலுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும்.

*

அப்படி ஒரு பொருள் எஃகு இழை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

பெல்ஜியத்தின் ஸ்வெவெகெம் ஊரில் 1880-இல் முள்வேலிக் கம்பி செய்யத் தொடங்கிய நிறுவனம் பெகார்ட். அதே நிறுவனம் இன்று 8 மைக்ரான், 12 மைக்ரான் தடிமனில் துருப்பிடிக்காத எஃகு இழை விற்கிறது. அமெரிக்காவில் பிரன்ஸ்விக் நிறுவனம் 1960-களிலேயே இதில் இறங்கியிருந்தது. 8 மைக்ரான் கம்பியை ஒவ்வொன்றாக டையில் இழுத்துச் செய்வதானால் விலை தங்கத்தைத் தொடும். அதனால் கற்றையாக இழுக்கிறார்கள்: நூற்றுக்கணக்கான எஃகுக் கம்பிகளுக்கு இளகிய வேறொரு உலோகத்தை உறையாகப் பூசி, எல்லாவற்றையும் ஒரு குழலுக்குள் அடுக்கி, குழலோடு சேர்த்து இழுத்து இழுத்து மெலிதாக்குவது. கடைசியில் அமிலத்தில் போட்டால் உறை கரைந்துவிடும். உள்ளே பட்டுபோல எஃகு இழைகள் கற்றையாகக் கிடக்கும்.

தடிமன் 8 மைக்ரான்தான். ஆனால் எஃகின் அடர்த்தியைப் போட்டுக் கணக்கிட்டால் 3.6 டெனியர் (நீளத்துக்கு இவ்வளவு எடை என்று சொல்லும் அலகு) வருகிறது. 12 மைக்ரான் தடிமனுள்ள பாலியெஸ்டர் இழையே 1.4 டெனியர்தான். பக்கத்தில் ஓடும் இழையைவிட ஒல்லியாகவும் கனமாகவும் இருக்கும் இந்தப் பொருளை நூற்பு இயந்திரத்தில் சமமாகக் கலப்பது லேசான வேலையல்ல. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில் போட முடியாது. அங்கே பஞ்சில் உலோகம் வந்தால் தீப்பிடிக்கும் என்பதால், உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியே எச்சரிக்கை அடித்து அதை வெளியே தள்ளிவிடும். ஆகவே இழுத்து அறுத்த ஸ்லைவராக வாங்கி, டிராஃப்ரேமில் மற்ற ஸ்லைவர்களோடு சேர்த்து ஓட்டுகிறார்கள்.

அடுத்த தொல்லை நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனரில். நூலின் தடிமனை மின்தேக்க முறையில் அளக்கும் கிளியரர், கடத்தும் இழை வந்த இடத்தையெல்லாம் தடித்த இடம் என்று எண்ணி வெட்டித் தள்ளும். நூல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கோன் நிறைய முடிச்சு. ஒளியால் அளக்கும் கிளியரருக்கு மாறினால்தான் தீரும். இந்த ஒரு விவரம் தெரியாமல் ஆர்டர் எடுக்கும் மில் படாத பாடு படும்.

கம்பளத்தில் எஃகுக்கு ஒரு குறை உண்டு. நைலான் மிதிபட்டு எழும், எஃகு மடிந்த இடத்திலேயே நிற்கும். பல ஆயிரம் முறை மிதித்தால் முறியும். தொழிற்சாலை உடைகளிலும் வடிகட்டித் துணிகளிலும் எஃகு இழை நிலைத்துவிட்டது. கம்பளத்தில் கார்பன் அதை ஓரங்கட்டியது.

*

கார்பன் பிளாக். டயருக்குக் கறுப்பு தருவதும் அச்சு மைக்குக் கறுப்பு தருவதும் இதுவே. சில பத்து நானோமீட்டர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு சங்கிலிகளாக இருக்கும்.

உருகிய பிளாஸ்டிக்கில் இதைக் கொஞ்சம் கலந்தால் ஒன்றும் ஆகாது. இன்னும் கலந்தாலும் ஆகாது. ஓர் அளவைத் தாண்டும்போது சட்டென்று மின்தடை பல லட்சம் மடங்கு விழுகிறது. அந்த அளவில்தான் சங்கிலிகள் ஒன்றையொன்று தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழி திறக்கிறது. இழைக்கு ஏற்ற கலவையில் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கார்பன் போகும்.

சிக்கல் இனிமேல்தான். செயற்கை இழை வலிமை பெறுவது இழுவையால். ஸ்பின்னரெட் என்ற துளைத் தகட்டிலிருந்து வந்த இழையை மூன்று நான்கு மடங்கு நீட்டினால்தான் மூலக்கூறுகள் நேராகி நூலாக உதவும். எள்ளுருண்டைப் பாகைச் சூட்டோடு இழுத்துப் பார்த்தால் எள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது கண்ணுக்கே தெரியும். கார்பனும் அப்படித்தான் விலகுகிறது. இழுக்கும் முன் அருமையாகக் கடத்திய இழை, இழுத்த பின் கடத்த மறுக்கிறது. வலிமையும் கடத்தலும் எதிரெதிரே நிற்கின்றன.

இதற்கு மாற்று: குறைவாக இழுப்பது, சூடு கொடுத்துத் தளர விட்டு அறுந்த தொடர்பைக் கொஞ்சம் மீட்பது, கார்பன் கலந்த பகுதியை மட்டும் சீக்கிரம் இளகும் வேறு பாலிமரில் செய்வது. மூன்றையும் சேர்த்தே செய்வார்கள். போதாததற்கு இவ்வளவு கார்பன் சுமந்த உருகல் கெட்டியாக இருக்கும், வடிகட்டி அடைக்கும். கார்பன் ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும். சரியாக உலர்த்தாமல் ஓட்டினால் இழை அறுந்துகொண்டே இருக்கும்.

*

1974. ஒரே ஆண்டில் இரண்டு அமெரிக்கக் காப்புரிமைகள். ஒன்று டூபாண்ட்டின் ஹல் பெற்றது, இன்னொன்று டௌ படிஷே நிறுவனத்தின் சாண்டர்ஸ் பெற்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஹல் கார்பனை உள்ளே ஒளித்தார். நடுவில் கார்பன் கலந்த பாலிஎத்திலீன், சுற்றிலும் வெறும் நைலான் உறை. வலிமையை உறை பார்த்துக்கொள்ளும், கடத்தலை நடுத்தண்டு பார்த்துக்கொள்ளும். கறுப்பும் பெருமளவு மறைந்துவிடும். டூபாண்ட்டின் ஆன்ட்ரான் III கம்பள நைலானில் வந்தது இந்த வழி.

சாண்டர்ஸ் நேர் எதிர்த் திசையில் போனார். இழையை முதலில் முழுதாக இழுத்து முடித்துவிட்டார். பிறகு நைலானைக் கரைக்கும் அமிலத்தில் கார்பனைக் கலக்கி அதற்குள் இழையை ஓட்டினார். மேற்பரப்பு இளகியதும் துகள்கள் உள்ளே புகுந்துகொண்டன. அமிலத்தை நீக்கியதும் அங்கேயே உறைந்தன. ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆழம் வரை மட்டும். உள்ளே இருக்கும் நைலானை யாரும் தொடவில்லை. இழுவை முடிந்த பிறகே கார்பன் வருவதால் சங்கிலி அறுபட வாய்ப்பே இல்லை. ரெசிஸ்டாட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது இதுதான்.

ஹல்லின் முறை பெருந்தொழிலுக்கு வசதி. ஆனால் எதிரெதிரே நின்ற இரண்டு தேவைகளையும் வேலையின் வரிசையை மாற்றியே தீர்த்த சாண்டர்ஸின் யோசனையைத்தான் நான் மேலாக வைப்பேன். அதன் விலை: இழை முழுக் கறுப்பு.

*

கறுப்பு ஒரு வியாபாரப் பிரச்சினை. அலுவலகத்துச் சாம்பல் நிறக் கம்பளத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வேண்டிய வெளிர் மஞ்சளில் கறுப்புக் கோடு பளிச்சென்று தெரியும். அதற்கு மாற்றாக டைட்டானியம் டை ஆக்சைடு துகள் மேல் ஆன்டிமனி சேர்த்த டின் ஆக்சைடைப் பூசி, வெள்ளையை ஒட்டிய கடத்தும் பொடி செய்கிறார்கள். கார்பனைவிட விலை அதிகம், கடத்தல் குறைவு.

வெள்ளி பூசிய நைலான்: பிரமாதமாகக் கடத்தும். ஆனால் வெள்ளியின் விலையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை எட்டிப்பிடித்த உலோகம் அது.

அக்ரிலிக் இழையோடு காப்பர் சல்ஃபைடைப் பிணைத்த தண்டரான் ஜப்பானுடையது. நகலெடுக்கும் இயந்திரத்தில் தாளிலிருந்து மின்னேற்றத்தை எடுக்கும் சிறு தூரிகைகளில் இதைப் பார்க்கலாம்.

*

எவ்வளவு போட வேண்டும்? மிகக் கொஞ்சம். கம்பள நூல் 1,200 டெனியர் என்றால் அதோடு 20 டெனியர் கடத்தும் இழை ஒன்றைக் காற்றால் பின்னிச் சேர்த்தால் போதும். எடையில் 1.7 விழுக்காடு. அதையும் எல்லா ஊசியிலும் ஓட்ட வேண்டியதில்லை. நாலைந்து ஊசிக்கு ஒன்று என்று வைத்தால் கம்பளம் முழுவதுக்கும் அரை விழுக்காடுகூட வராது.

இவ்வளவு சொற்பம் எப்படிப் போதுமானது? இந்த இழை கம்பிபோல மின்னேற்றத்தைத் தரைக்குக் கொண்டுபோகிறது என்று நினைத்தால் விளங்காது. பல கம்பளங்களின் அடிப்பகுதி மின்காப்புப் பொருள்தான். போக இடமே இல்லை. நடப்பது வேறு. மின்னேற்றம் ஏறிய பரப்பின் அருகே மெல்லிய கடத்தி ஒன்று இருந்தால் மின்புலம் அதன்மேல் குவிகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் என்ற அளவை அந்த இடத்தில் தாண்டும்போது பக்கத்துக் காற்று அயனியாகிறது. எதிர்க்குறி அயனிகள் மின்னேற்றத்தை நோக்கி ஓடி அதை அணைக்கின்றன. சத்தமில்லாத, ஒளியும் கண்ணில் படாத ஒரு மின்னிறக்கம். ஒரே பெரிய பொறிக்குப் பதில் ஆயிரம் நுண்ணிய கசிவுகள். இழை மெலிந்தால் புலம் கூடுதலாகக் குவியும். ஹல்லின் உறை போட்ட இழையும் வேலை செய்வதற்கு இதுவே காரணம். நடுத்தண்டு எதையும் நேரே தொட வேண்டிய அவசியம் இல்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. மின்னேற்றம் ஓரளவு குறைந்ததும் புலம் தளர்ந்து, அயனியாவது நின்றுவிடும். சில நூறோ இரண்டாயிரமோ வோல்ட் மிஞ்சும். விரலுக்கு அது தெரியாது. 100 வோல்ட்டுக்கும் குறைவாகவே செத்துப்போகும் சிப்புகள் இருக்கின்றன. ஆகவே இந்த வகைக் கம்பளத்தை விரித்துவிட்டு அதன்மேல் மின்னணுத் தொழிற்சாலை நடத்த முடியாது. அங்கே தரை, காலணி, உடை மூன்றும் பூமியோடு இணைந்திருக்க வேண்டும்.

*

சோதனை எளிமையானது, எனக்குப் பிடித்தது. ஈரப்பதத்தை 20 விழுக்காட்டுக்கு இறக்கிய அறையில் கம்பளத்தைப் பதப்படுத்தி வைப்பார்கள். குறிப்பிட்ட அடி வைத்த காலணியை அணிந்த ஒருவர் மீட்டரோடு இணைத்த மின்முனையைக் கையில் பிடித்தபடி நடப்பார். உடம்பில் ஏறும் வோல்ட்டைக் கருவி வரைந்துகொண்டே போகும். ஏ.ஏ.டி.சி.சி. 134 என்பது இந்த முறையின் எண், ஐ.எஸ்.ஓ. 6356 இதன் உலக வடிவம். 3,500 வோல்ட்டைத் தாண்டாவிட்டால் பொது இடங்களுக்கான கம்பளம் தேறியது என்பது பரவலான வழக்கம். எத்தனை கருவி வந்தாலும் கடைசியில் ஒரு மனிதர் நடந்துதான் காட்ட வேண்டியிருக்கிறது.

*

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுக் கூடங்களில் நைலான், பாலியெஸ்டர் உடை கூடாது, பருத்திதான். உள்ளே நுழையுமுன் பூமியோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட வேண்டும் என்பது அங்கே பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லித்தரும் பாடம். நூலில் தொழில்நுட்பம் ஏதும் இல்லாமலே உயிர் காக்கும் இரண்டு வழிகள். இவற்றைக் கறாராகக் கடைப்பிடிக்காமல் எந்த உயர்ந்த துணியைப் பற்றிப் பேசியும் பயனில்லை.

*

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகளின் படங்களில் நீல, வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்திருப்போம். கூர்ந்து பார்த்தால் மெல்லிய கறுப்புக் கட்டங்கள் தெரியும். அழகுக்குப் போட்டதல்ல. நூற்றில் 98, 99 பங்கு பாலியெஸ்டர். மீதி கார்பன் கலந்த இழை. பாவிலும் ஊடையிலும் சில மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஓடுகிறது. தீப்பற்றும் சூழலுக்கான ஐரோப்பிய விதியில் கடத்தும் இழைகளுக்கு இடையே 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

துணி நெய்தவர் வேலை முடிந்தது. தைப்பவர் வேலை இங்கேதான் தொடங்குகிறது. கோட்டின் முன்பக்கம், முதுகு, கை என்று ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக நன்றாகவே கடத்தும். ஆனால் தையலில் துணியின் ஓரத்தை மடிக்கும்போது ஒரு துண்டின் கறுப்பு இழை இன்னொரு துண்டின் கறுப்பு இழையைத் தொடாமல் போகலாம். அப்போது கை ஒரு தீவு, முதுகு ஒரு தீவு. மணிக்கட்டில் பூமியோடு இணைத்திருந்தாலும் முதுகில் ஏறியது முதுகிலேயே நிற்கும். அதனால் நல்ல கோட்டில் தையல் நூலிலும் கடத்தும் இழை கலந்திருப்பார்கள், அல்லது மடிப்புக்குள் கடத்தும் நாடா வைத்திருப்பார்கள். கோட்டைச் சோதிப்பது ஒரு கைப்பட்டையிலிருந்து மறு கைப்பட்டை வரை மின்தடையை அளந்து.

விற்பனைத் தாள்களில் 'சென்டிமீட்டருக்கு இத்தனை ஓம்' என்று பாபினில் அளந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அந்த எண் எவ்வளவு சிறியது என்பதில் போட்டி வேறு. ஆர்டர் கொடுப்பவர் கேட்க வேண்டியது அதுவல்ல. துவைத்த பிறகு கைப்பட்டைக்குக் கைப்பட்டை எவ்வளவு? கம்பளமானால், மிதித்துத் தேய்த்த பிறகு 20 விழுக்காடு ஈரத்தில் எத்தனை வோல்ட்? இழுவையிலும் மடிப்பிலும் தையலிலும் தேய்மானத்திலும் தொடர்பு அறாமல் இருக்கிறதா என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும். மாதிரித் துணி கேட்டு வாங்கும்போதே தைத்த துண்டாகக் கேட்டு, ஐம்பது முறை துவைத்து, அதே 20 விழுக்காட்டு அறையில் உலர வைத்து அளக்கலாம். துவைக்கும்போது சாஃப்ட்னர் சேர்க்கக் கூடாது. அது ஈரத்தைக் கவர்ந்து தானே ஒரு பூச்சாக நின்று, நூலின் குறையைச் சில நாளுக்கு மறைத்துவிடும்.